கோமதியின் பெயர் மேல் விழுந்த முத்திரை

அந்த முத்திரையைக் குத்தியது எங்கள் சங்கத் தலைவர் பரசுராமன்தான். வேறு யாரும் இல்லை.

‘யாரோ தெரியாமல் செய்திருக்கலாம்’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ இல்லை. அவர் கை. அவர் மை. இருபத்துநான்கு தடவை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் வானகரம் சிக்னலைத் திட்டி எழுதியிருந்தேன். ‘ஒரு வாரமாவது யாரையும் திட்டாமல் எழுதுங்களேன்’ என்று திருவேற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். முயற்சி செய்தேன் அம்மா. திங்கட்கிழமை வரைக்கும் தாங்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கோமதி போன் செய்தாள்...

கோமதி யார் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், சங்கம் என்றேனே, அது என்ன சங்கம்?

மேற்குப் புறநகர்க் கலை நூலகர் சங்கம். சிரிக்காதீர்கள். அப்படி ஒன்று இருக்கிறது. நான் அதில் செயற்குழு உறுப்பினர்.

ஓவியக் கல்லூரி, விளம்பரக் கம்பெனி, டிசைன் ஸ்டுடியோ — இங்கெல்லாம் படப் புத்தகங்கள், போஸ்டர்கள், பழைய கண்காட்சிக் கேட்டலாகுகள் இருக்கும். அவற்றைக் கட்டிக் காக்கிறவர்கள்தான் நாங்கள். மற்ற நூலகங்களில் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள், “மேடம், ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கினு நிக்கும்... பக்கத்துல ஒரு ஆடு. அது எந்த புக்குல கீது?” என்பார்கள். எடுத்துக் கொடுப்போம். ஆடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.

நான் நசரத்பேட்டை பக்கம் ஒரு ஓவியக் கல்லூரியின் நூலகத்தில் இருக்கிறேன். சங்கத்தின் செயலாளர் சலீம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியின் படங்களைப் பார்த்துக்கொள்கிறான். தலைவர் பரசுராமன் பெரிய நூலகம் ஒன்றில் தலைமை நூலகராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். சங்கத்துக்குச் சொந்தமானவை: ஒரு இரும்பு பீரோ, அதற்குள் கொஞ்சம் படங்கள், ஒரு ரப்பர் முத்திரை.

என்னதான் செய்வீர்கள் என்று கேட்கிறீர்களா?

கிழிந்த புத்தகம் ஒட்டப் பயிற்சி வைப்போம். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் எவ்வளவு போடுவது என்ற விவாதத்துக்குப் பிறகு இரண்டு உறுப்பினர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. வாட்ஸப் குழு இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதில் ஒரு ரோஜாப்பூவைப் போட்டு ‘காலை வணக்கம்’ என்றார், பாவம். வரைந்தது யார், எதிலிருந்து எடுத்தது, அனுமதி வாங்கியாயிற்றா என்று அவரைக் கேட்டுத் துளைத்துவிட்டோம். மறுநாளிலிருந்து வணக்கம் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை வேன் எடுத்துக்கொண்டு சிற்பம் பார்க்கப் போவோம். போன தடவை ஒரு யானையின் முன்னால் நின்றுவிட்டோம். அதைப் படம் எடுத்தால் ‘விலங்கு’ ஃபைலில் வைப்பதா, ‘ஊர்வலம்’ ஃபைலில் வைப்பதா? சண்டை முடியவில்லை. வேன் டிரைவர் வந்து பார்த்தார்.

“இன்னா சாமி, ஒரே யானையை ஒரு மணி நேரமா பாத்துகினு கீறீங்கோ? அது நவுருமா?”

இப்படிப்பட்ட கூட்டம். யாருக்கும் கெடுதல் இல்லை... என்றுதான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முத்திரை.

எந்த நூலகமாக இருந்தாலும், ஒரு புத்தகம் உள்ளே வந்தவுடன் அதன் மேல் முத்திரை விழும். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஆளுக்கொரு ரகசியப் பக்கம். அது எங்கள் கையில் ஊறிய பழக்கம். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட வலது கை தானாக மேஜையின் மேல் எதையோ தேடும்.

ஆனால் கலை நூலகத்தில் ஒரு விதி உண்டு. படத்தின் முகத்தில் மை படக்கூடாது. தாளைத் திருப்பி, பின்பக்கத்து மூலையில்தான் குத்த வேண்டும். எங்கள் சங்கத்தில் இந்த விதியைக் கொண்டுவந்தவரே பரசுராமன். ஓவியங்களின் கன்னத்தில் உருண்டையாக முத்திரை வாங்கிய புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நிறுத்தியவர் அவர். அதற்காக அவரை மதிக்கிறேன். இப்போதும்தான். அதனால்தான் எரிச்சல் இவ்வளவு வருகிறது.

அவர் முத்திரை குத்துவதைப் பார்க்கவேண்டும். தாள்களை அடுக்கி வைத்துக்கொள்வார். முழுத் தாளையும் திருப்ப மாட்டார். இடது கட்டை விரலால் மூலையை மட்டும் மடக்கித் தூக்குவார், அடியில் தெரிகிற பின்பக்கத்தில் ஒரு குத்து. அடுத்த மூலை, அடுத்த குத்து. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகம். தாளைப் பார்க்கவே மாட்டார். வாய் பாட்டுக்கு நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்.

கோமதிக்கு வருகிறேன்.

வானகரத்தில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவளுடையது. அவள் வேலை செய்வது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு வால்வு கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். காலையும் மாலையும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். நிற்கிற நேரத்தில் வரைகிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைத்தான். கறுப்பு பால் பேனாவில். டிபன் பையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிற பெண். ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிற இரண்டு பேர். குத்தம்பாக்கத்துக் கட்டட வேலைக்குப் போகிற வடக்கத்திப் பையன்கள், வராத பஸ்ஸை எட்டிப் பார்க்கிற கழுத்துகள்... பார்த்தால் நமக்குக் கால் வலிக்கும். அப்படி வரைகிறாள்.

எதில் வரைகிறாள் என்பதுதான் விஷயம். அவளுடைய கம்பெனி வருஷா வருஷம் அடிக்கிற மாதக் காலண்டரின் பின்பக்கத்தில். முன்பக்கம் பனிமலை, துலிப் தோட்டம், கொழுகொழு குழந்தை. பின்பக்கம் வெறும் வெள்ளை.

“ஏம்மா காலண்டர்ல வரையறே? நல்ல பேப்பர் வாங்கக் கூடாதா?” என்று முதல் தடவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது கேட்டேன்.

“திக்கா கீதுக்கா. நின்னுகினே பேனாவை அழுத்தினாலும் கிழியாது. மாசம் முடிஞ்சா ஒரு ஷீட்டு. மாசத்துக்கு ஒண்ணு வரைஞ்சாப் போதும்னு நானே வெச்சிக்கினேன்.”

இரண்டு வருஷம். இருபத்துநான்கு மாதம். இருபத்துநான்கு படம். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் ‘கோமதி’ என்று சின்னதாகக் கையெழுத்து.

எங்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘படம் பார்க்கும் நாள்’ நடத்தும். டியூஷன் சென்டர் மாடியிலேயே. வருகிறவர்கள் படம் பார்க்கலாம், வீட்டில் இருக்கிற பழைய போஸ்டர், காலண்டர் இருந்தால் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம். இந்த வருஷம் கோமதியின் படங்களை மாட்டச் சொன்னது நான். நகரத்திலிருந்து ஒரு கேலரி நடத்துகிற அம்மாள் வந்திருந்தார். வந்தவர் தூங்குகிற டிபன் பைப் பெண்ணின் முன்னால் நின்றார். நகரவில்லை. போகும்போது கோமதியைக் கூப்பிட்டு, “ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்கம்மா, தனியா ஒரு ஷோ பண்ணலாம்” என்றார்.

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. என் வளையல் ஒன்று வளைந்துவிட்டது.

மாலையில் படங்களை இறக்கினோம். வரைந்த பக்கம் அழுக்காகாமல் இருக்கத் தாள்களைக் குப்புற அடுக்குவது எங்கள் வழக்கம். அப்படியே அடுக்கினோம். அதாவது மேலே தெரிந்தது — பனிமலை.

அதே மேஜையின் இன்னொரு ஓரத்தில் அன்பளிப்பு அடுக்கு. பழைய போஸ்டர்கள், பழைய காலண்டர்கள்.

இப்போது புரிகிறதா?

தலைவர் வந்தார், உட்கார்ந்தார், பேச்சை ஆரம்பித்தார், அன்பளிப்பு அடுக்கை இழுத்தார். மேலே பனிமலை. “அடடா, சுவிட்சர்லாந்து!” என்றார். விதிப்படி மூலையை மடக்கினார். விதிப்படி பின்பக்கத்தில் குத்தினார். சங்கப் பெயர் சுற்றி ஓட, நடுவில் கொட்டை எழுத்தில் ‘உடைமை’ என்று இருக்கிற முத்திரை. இருபத்துநான்கு தாளிலும், வலது மூலையில், கோமதியின் கையெழுத்து மேலேயே.

பிறகு கோமதி வந்து கேட்டபோது, பீரோவுக்குள் போய்விட்டிருந்த தாள்களைத் தேடி எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தோம். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் பிரித்தது கேலரியில், அந்த அம்மாளின் முன்னால்.

செவ்வாய்க்கிழமை போனில் அவள் குரல் இறங்கிக் கிடந்தது.

“இன்னாக்கா இது? என் பேர் மேலயே குத்தி வெச்சிக்கிறாங்கோ. அந்த மேடம், ‘இது யாருதும்மா’ன்னு கேக்கறாங்க. ‘என்னுதுதான் மேடம்’னு சொல்றேன். அவங்க முத்திரையைப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க. நா ஏதோ திருடிகினு வந்த மாதிரி ஆயிப்போச்சுக்கா.”

கேலரி அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சங்கத்தின் உடைமை என்று தாளுக்குத் தாள் முத்திரை விழுந்திருக்கிற படங்களை எப்படி மாட்டுவார்? அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம். ‘இந்தப் படங்கள் கோமதியுடையவை, எங்கள் முத்திரை தவறுதலாக விழுந்தது’ என்று சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டு, வருகிற திங்கட்கிழமைக்குள். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இரண்டு வரிக் கடிதம். எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

புதன்கிழமை மாலை அவசரக் கூட்டம் போட்டோம். கோமதி ஷிப்ட் முடித்து, சுருட்டிய தாள்களோடு நேராக வந்திருந்தாள். தலைவர் கையில் சங்கத்தின் விதிப் புத்தகம்.

“யாரோ தெரியாம செஞ்சிருக்காங்க” என்று ஆரம்பித்தார். “கூட்டம் ஜாஸ்தி அன்னிக்கு. முத்திரை மேஜை மேலதான் கிடந்துது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற எல்லோரும் தானாக மை ஊறுகிற பிளாஸ்டிக் முத்திரைக்கு மாறி எத்தனையோ நாளாகிறது. இவர் ஒருவர்தான் ஊதா மையும் பழைய தகரப் பெட்டியும். இடது பக்கம் அழுத்திக் குத்துவார், ‘சங்கம்’ என்பதில் கடைசிப் புள்ளி விழாது. இந்தத் தொழிலில் ஒருவர் குத்திய முத்திரையை இன்னொருவர் கையெழுத்து மாதிரி அடையாளம் கண்டுபிடிப்போம். இருபத்துநான்கிலும் புள்ளி இல்லை.

அதுவும் போதாதென்றால் சாட்சி இருக்கிறது. சலீம் என் காதருகே வந்து சொன்னான்: “மேடம், நா பாத்தேன். சார் பேசிக்கினே குத்தினாரு. ஆனா நா பாத்தேன்னு மட்டும் பத்திரிகைல எழுதிடாதீங்க.”

எழுதிவிட்டேன் சலீம். மன்னித்துக்கொள்.

தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். “இன்னொண்ணு. யார் குத்தியிருந்தாலும் விதிப்படிதான் குத்தியிருக்காங்க. அச்சான பக்கம் முன்பக்கம். அச்சில்லாத பக்கம் பின்பக்கம். முத்திரை பின்பக்கத்துல இருக்கு. இதுல என்ன தப்பு?”

“யாரோ குத்தினாங்கன்னா, அவங்க விதிப்படி குத்தினாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

கோமதி மெதுவாகக் கேட்டாள். “அப்போ ரெண்டு வருஷமா நா பின்னாடியே வரைஞ்சிகினு இருந்தேனா சார்? பனிமலைதான் முன்னாடியா?”

கீழே டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? சாரி சொல்வார். நூலகர் என்ன செய்வார்? இன்னொரு முத்திரை குத்துவார்!

ஆமாம். அதுதான் தலைவர் கண்டுபிடித்த வழி. நூலகத்திலிருந்து கழிக்கிற புத்தகங்களுக்கு ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை உண்டு. அதை இதன் பக்கத்திலேயே குத்திக் கொடுத்துவிடலாமாம். உடனே ஒரு மூத்த உறுப்பினர், “அதெப்படி? சேர்க்கைப் பதிவேட்டுல நம்பர் இல்லாததை எப்படி நீக்கறது?” என்றார். சரி, அப்படியென்றால் முதலில் இருபத்துநான்கு படங்களையும் பதிவேட்டில் சேர்த்து நம்பர் போடுவது, பிறகு நீக்குவது. தலையாட்டினார்கள். படித்தவர்கள். ஒருவர் பதிவேட்டை எடுக்க எழுந்தே விட்டார். என்ன தலைப்பில் சேர்ப்பது என்று இன்னொருவர் கேட்டார். “போக்குவரத்து” என்றார் ஒருவர். “பெண்கள்” என்றார் மற்றவர்.

யானைச் சண்டை மறுபடி ஆரம்பம்.

கோமதி தாள்களைச் சுருட்டினாள். “நா உங்களுக்கு எப்போ சார் குடுத்தேன், நீங்க நீக்கித் தர்றதுக்கு? என்னுது என்னுதுன்னு எழுதிக் குடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.”

அவ்வளவுதான். அவள் கேட்டது அவ்வளவுதான். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

படியில் இறங்கும்போது தலைவர் என்னை நிறுத்தினார். “ராஜேஸ்வரி, உனக்குப் புரியாதா? அந்த விதியை எழுதினவனே நான். ‘பரசுராமனே படத்து மேல குத்திட்டான்’னு நாளைக்கு எல்லாரும் சொல்லுவாங்களேம்மா.”

“சொல்லட்டும் சார். கூடவே கோமதி பேரையும் சொல்லுவாங்க இல்ல?” என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

நமக்குத் தெரியாத வேலையில் செய்த தப்பை உடனே ஒத்துக்கொண்டுவிடுவோம். நாம் பேர் வாங்கின வேலையில் நடந்தால்தான் வாய் வராது. சாம்பாருக்குப் பேர் போன அத்தையிடம் உப்பு அதிகம் என்று சொல்லிப் பாருங்கள். உப்புக் கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான் என்பார். தலைவரும் அப்படித்தான். பொல்லாதவர் இல்லை. ஆனால் அவருடைய பெருமைக்கு வாடகை கொடுப்பது யார்? ஷிப்ட் முடித்த கையோடு ஓடி வந்த கோமதி.

இவ்வளவு பேசுகிறாயே, நீ யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் தின்பண்டம் வெளி வராந்தாவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. படம் பார்க்கும் நாளன்று மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஜ்ஜித் தட்டு நனையக்கூடாது என்று அதை உள்ளே கொண்டுவந்தது நான். தட்டு வைக்க மேஜையில் இடமில்லை. ஒரு அடுக்கைத் தூக்கி இன்னொரு அடுக்கின் மேல் வைத்தேன். ஆமாம். கோமதியின் படங்களைத் தூக்கி, அன்பளிப்பு அடுக்கின் மேல் வைத்த கை என்னுடையது. வாழைக்காய் பஜ்ஜிக்காக.

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேற்றே கேலரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் படித்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்தார். “முத்திரை சங்கத்துது மேடம். சங்கத்தோட தலைவர் சொல்லணும்.”

ஆக, என் பங்கை இதோ அச்சில் ஒத்துக்கொண்டாயிற்று. என் மானம் ஒன்றும் கப்பலேறிவிடவில்லை. நாளைக்குக் காய்கறிக்காரர்கூட, “இன்னாம்மா, பஜ்ஜிக்காவ படத்தைத் தூக்கி வெச்சியாமே?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, அம்பத்தூர் மாடியில், சங்கத்தின் பொதுக்குழு. திங்கட்கிழமைக்கு முன்னால் சங்கம் கூடுகிற ஒரே நாள் அதுதான். இருபத்துநான்கு படங்களையும் சுவரில் மாட்டி வைக்கப் போகிறேன். கோமதி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கடிதத்தை நானே டைப் அடித்துக்கொண்டு வருகிறேன், பேனாவும் என்னுடையது.

பரசுராமன் சார், தனியாக என்னிடம் படியில் சொல்ல வேண்டாம். எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள் — பஸ் ஸ்டாப்பா, பனிமலையா, எது முன்பக்கம்?